கை ஒப்பமும் மனப் பொருத்தமும்



திருமறையின் ஐந்தாவது அத்தியாயமாகிய அல்மாயிதாவின் தொடக்கத்திலேயே, ஈமான் கொண்டோரை விளித்து, அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு அல்லாஹுத்தஆலா கட்டளையிடுகிறான். வாக்களித்து மாறு செய்வதை முனாபிக்கின் அடையாளங்களில் ஒன்றாக நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் காட்டியுள்ளார்கள். ஆகவே தான் ஒப்பமிட்ட பத்திரத்திலிருந்து நழுவுவதற்கு வழி தேடுவது ஒரு முஸ்லிமுக்கு அழகல்ல. இதில் நம்மில் எவருக்கும் ஐயமில்லை.

ஆனால், பத்திரத்தில் ஒருவனுடைய கை மட்டும் இருந்து, அவனுடைய மனம் அதில் இல்லாமற் போயிருந்தால்? மிரட்டி வாங்கிய கைநாட்டு, ஒத்தி என்று சொல்லிக் கிரயப் பத்திரத்தில் பதிய வைத்த பெருவிரல் ரேகை, ஒன்றும் எழுதாத முத்திரைத் தாளின் அடியில் வாங்கி வைத்த கையெழுத்து, இவையும் நிறைவேற்றியே தீர வேண்டிய ஒப்பந்தங்கள்தாமா? இவற்றிலிருந்து விடுபட நினைப்பவன் வாக்கு மீறியவனாவானா? அவனிடமிருந்து அந்தப் பத்திரத்தை வாங்கி இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பவன் நாளை மஹ்ஷரில் என்ன பதில் சொல்வான்? இவற்றை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

கரிசல் பூமியின் கடன்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம், கயத்தாறு எனப் பரந்து கிடக்கும் நமது கரிசல் சீமை வானம் பார்த்த பூமி. பெரிய ஆற்றுப் பாசனம் இங்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிப் புரட்டாசியிலேயே நிலத்தைத் தயார் செய்கிறார்கள். உளுந்தும் பாசிப்பயறும், கம்பும் சோளமும், மக்காச்சோளமும் பருத்தியும், மிளகாயும் கொத்தமல்லியும் அந்த ஒரு பருவ மழையை எதிர்பார்த்தே விதைக்கப்படுகின்றன. செலவு முன்னே வருகிறது. வரவு தை, மாசிக்குப் பின்னரே வருகிறது. மழை தவறினால் வரவே வருவதில்லை. விதைக்கும் உரத்துக்கும், உழவுக்கும் களையெடுப்புக்கும், நடுவே வந்துவிடும் நோய்க்கும் திருமணத்துக்கும் கைமாற்று வாங்காமல் காலந்தள்ள முடிகிற குடும்பங்கள் குறைவு. தீப்பெட்டி ஆபீஸுக்கோ வெளியூர் மில்லுக்கோ வேலைக்குப் போகிறவர்களும் முன்பணம் வாங்கியே போகிறார்கள்.

கடன் கொடுப்பவர் சும்மா கொடுப்பதில்லை. புரோநோட்டு கேட்பார். அது போதாதென்று நிரப்பாத செக் கேட்பார். தொகை பெரிதானால் நிலத்தின் மேல் பவர் பத்திரம் கேட்பார். சிலர் கிரயப் பத்திரமே கேட்பார்கள். "பணத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றே மாற்றி எழுதித் தருகிறேன், இது ஒரு நம்பிக்கைக்குத்தான்" என்று வாயால் சொல்வார்கள். பத்திரத்தில் அந்தச் சொல் இருக்காது. பத்திரத்தில் இருப்பது வேறு, வாயால் சொன்னது வேறு என்று ஆகிவிட்ட பிறகு, படிக்கத் தெரியாத ஏழை எதைப் பிடித்துக்கொண்டு நிற்பான்?

2017ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமையென்று முறையிட வந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்து மாண்டது. கணவன், மனைவி, 2 பச்சிளங் குழந்தைகள்! தற்கொலை ஹராம் என்பதில் மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், அண்டை வீட்டான் அந்த நிலைக்குத் தள்ளப்படும் வரை அறியாமல் இருந்த ஊராரும் உலகத்தாரும் தம் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

வாசகம் சொல்ல வேண்டியவர் யார்?

திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது தெரியுமா? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதுமல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றிய வசனமே அது. அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். தவணை குறித்துக் கடன் கொடுத்து வாங்கினால் அதை எழுதிக்கொள்ளும்படியும், எழுதுபவர் நியாயமாக எழுதும்படியும், சாட்சிகளை வைத்துக்கொள்ளும்படியும், எழுதுபவருக்கோ சாட்சிக்கோ எவரும் தீங்கு செய்யக் கூடாதென்றும் அதிலே இறைவன் விரிவாகக் கட்டளையிடுகிறான்.

அந்த வசனத்தில் நாம் அடிக்கடி கவனிக்காமல் விட்டுவிடும் ஓர் ஏற்பாடு உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர் என்று அல்லாஹ் நிர்ணயிக்கிறான். கடன் கொடுத்தவர் சொல்ல, வாங்கியவர் ஒப்பமிடுவதன்று திருமறையின் முறை. எவர் மீது பொறுப்பு விழுகிறதோ அவர் தம் வாயாலேயே அதைச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதை எழுத வேண்டும். அவர் அறிவிற் குறைந்தவராகவோ, பலவீனராகவோ, வாசகம் சொல்ல இயலாதவராகவோ இருந்தால், அவருடைய காரியங்களைப் பார்ப்பவர் நீதியுடன் சொல்ல வேண்டும்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள்! தன் வாயால் சொல்லி எழுத வைத்தவன் பிறகு "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது. அவன் சொல்லாததை எவரும் பத்திரத்தில் நுழைக்கவும் முடியாது. கொடுத்தவனின் பணத்துக்கும் வாங்கியவனின் மானத்துக்கும் ஒரே ஏற்பாட்டில் பாதுகாப்புக் கிடைத்துவிடுகிறது. நமது நடைமுறையோ தலைகீழாக இருக்கிறது. கொடுப்பவர் சொல்கிறார், பத்திர எழுத்தர் எழுதுகிறார், வாங்குபவன் பேனாவையோ மை தடவிய விரலையோ மட்டும் நீட்டுகிறான். ஏழாவது நூற்றாண்டிலேயே எழுதப் படிக்கத் தெரியாத மக்களிடையே அருளப்பட்ட இந்த ஒழுங்கை, ஊர்தோறும் பள்ளிக்கூடம் உள்ள காலத்தில் நாம் கைவிட்டுவிட்டோமே!

பொருத்தமே ஒப்பந்தத்தின் உயிர்

அந்நிஸா அத்தியாயத்தின் 29வது வசனம், ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதைத் தடுத்து, இரு தரப்பும் மனம் பொருந்திச் செய்யும் வியாபாரத்தை மட்டும் விலக்களிக்கிறது. விற்பனை என்பது பொருத்தத்தின் பேரில்தான் என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது இப்னு மாஜாவில் இடம் பெற்றுள்ளது. ஒருவருடைய பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றி மற்றவருக்கு ஆகுமானதல்ல என்ற கருத்திலும் ஹதீது வந்துள்ளது.

ஈமானைப் பற்றிய விஷயத்திலேயே இந்த நியதி செல்லுபடியாகிறது. மக்கத்துக் காபிர்கள் அம்மார் (ரலி) அவர்களைச் சித்திரவதை செய்து, நாவால் ஒரு சொல்லைச் சொல்ல வைத்தார்கள். அவர் அழுதுகொண்டே நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்தபோது, உள்ளம் எப்படி இருக்கிறது என்றுதான் கேட்கப்பட்டது. ஈமானில் நிலைத்திருப்பதாகச் சொன்னார். உள்ளம் ஈமானில் அமைதி பெற்றிருக்க நிர்ப்பந்திக்கப்பட்டவர் மீது குற்றமில்லை என்று அந்நஹ்ல் அத்தியாயத்தின் 106வது வசனம் விலக்களித்தது. குப்ருடைய சொல்லே நிர்ப்பந்தத்தில் கணக்கில் கொள்ளப்படாதபோது, ஒரு கிரயப் பத்திரம் எம்மாத்திரம்?

திருமணமும் ஓர் ஒப்பந்தமே. கன்ஸா பின்த் கிதாம் (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியை, அவர் விரும்பாத நிலையில் அவருடைய தந்தை மணம் முடித்துக் கொடுத்துவிட்டார். அவர் வந்து முறையிட்டார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த நிக்காஹை ரத்துச் செய்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. பெற்ற தந்தையின் அதிகாரமே பெண்ணின் பொருத்தத்துக்கு ஈடாக நிற்கவில்லை.

பிக்ஹுடைய இமாம்கள் இந்த அடிப்படையில் விரிவான சட்டங்களை வகுத்தார்கள். நிர்ப்பந்தத்தை "இக்ராஹ்" என்றும், ஏமாற்றி ஆசை காட்டுவதைத் "தஃக்ரீர்" என்றும், விலையில் பெரும் நஷ்டம் விளைவிப்பதை "ஙப்ன் பாஹிஷ்" என்றும் பிரித்தார்கள். நிர்ப்பந்தத்தில் நடந்த விற்பனை ஷாபிஈ மத்ஹபில் செல்லவே செல்லாது. ஹனபீ மத்ஹபில் அது பழுதுபட்டது. அச்சம் நீங்கிய பின், நிர்ப்பந்திக்கப்பட்டவர் விரும்பினால் அதை ஏற்கலாம், விரும்பாவிட்டால் முறித்துவிடலாம். கட்டாயத்தின் பேரில் சொல்லப்பட்ட தலாக் செல்லாது என்ற கொள்கையை எடுத்துச் சொன்னதற்காக, கலீபா மன்ஸூரின் காலத்தில் மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் சாட்டையடி பட்டார்கள். கட்டாயத்தால் வாங்கிய பைஅத்தும் செல்லாது என்று மக்கள் அதிலிருந்து புரிந்துகொள்வார்களே என்று ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். ஆளுவோர் அஞ்சும் அளவுக்கு வலிமையுள்ள சட்டம் இது!

நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

நாம் வாழும் நாட்டின் சட்டமும் இந்த விஷயத்தில் நமக்கு அந்நியமானதல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், இருவர் ஒரே பொருளை ஒரே கருத்தில் ஒப்புக்கொள்வதே சம்மதம் என்கிறது. அந்தச் சம்மதத்தைக் கெடுக்கும் காரணங்கள் ஐந்து என்று 14வது பிரிவு வரிசைப்படுத்துகிறது. மிரட்டலும் கட்டாயமும் ஒன்று. ஒருவர் மேல் தமக்குள்ள ஆதிக்கத்தைத் தகாத வழியில் பயன்படுத்துவது இரண்டு. அறிந்தே செய்யும் மோசடி மூன்று. அறியாமலே ஆனாலும் உண்மைக்கு மாறாக எடுத்துச் சொல்வது நான்கு. இரு தரப்புக்கும் நேரும் பிழை ஐந்து. முதல் நான்கில் ஒன்று நேர்ந்திருந்தால், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம், விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம். ஹனபீ இமாம்கள் சொன்ன முறைக்கு இது எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதைக் காண்க. ஒப்பந்தத்துக்கு அடிப்படையான ஒரு விஷயத்தில் இரு தரப்பும் பிழைபட்டிருந்தாலோ, ஒப்பமிட்டவர் மைனராக இருந்தாலோ அது தொடக்கம் முதலே செல்லாது. வட்டிக் கடைக்காரர் ஒருவருக்கு மைனர் எழுதிக் கொடுத்த அடமானம் செல்லாதென்று 1903இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

சென்னை உயர் நீதிமன்றத்தின் பழைய தீர்ப்புகளில் இரண்டை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, 1889ஆம் ஆண்டின் ரங்கநாயகம்மா வழக்கு. 13 வயதுச் சிறுமி ஒருத்தி விதவையானாள். ஒரு பையனைத் தத்து எடுத்துக்கொள்ள அவள் சம்மதிக்கும் வரை, கணவனின் பிரேதத்தை எடுக்க விடமாட்டோம் என்று உறவினர் தடுத்தனர். பிரேதம் வீட்டில் கிடக்க அவள் ஒப்புக்கொண்டாள். அது சுயேச்சையான சம்மதமல்ல, தத்து அவளைக் கட்டுப்படுத்தாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. இரண்டாவது, 1917ஆம் ஆண்டின் வழக்கு. "எழுதித் தராவிட்டால் செத்துப் போவேன்" என்று ஒருவர் தம் மனைவியையும் மகனையும் மிரட்டி, அவர்களுடைய சொத்துரிமையைத் தம் சகோதரருக்கு விட்டுக்கொடுக்கச் செய்தார். தற்கொலை மிரட்டலும் கட்டாயமே என்று 3 நீதிபதிகளில் 2 பேர் தீர்ப்பளித்தனர். கத்தியைக் காட்டினால்தான் மிரட்டல் என்பதில்லை. பாசத்தைக் காட்டியும் மிரட்டலாம் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

கரிசல் விவசாயிக்கு நேராகப் பொருந்துவது அச்சட்டத்தின் 16வது பிரிவு. முதுமையாலோ நோயாலோ மனத் துயராலோ தளர்ந்திருப்பவரிடமும், தம் ஆதிக்கத்துக்கு உட்பட்டவரிடமும் ஒருவர் அநியாயமான ஒப்பந்தம் வாங்கினால், தாம் தவறான வழியில் வாங்கவில்லை என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையிலேயே விழுகிறது. சட்டம் இதற்குத் தரும் உதாரணங்களில் ஒன்று, தன் கிராமத்து வட்டிக் கடைக்காரரிடம் ஏற்கனவே கடன்பட்டிருப்பவன், மனச்சாட்சிக்கு ஒவ்வாத நிபந்தனைகளில் மீண்டும் கடன் வாங்குவது. 19-அ பிரிவில் மற்றொரு உதாரணம். விவசாயி ஒருவருக்கு 100 ரூபாய் கொடுத்துவிட்டு, ஆதிக்கத்தைப் பயன்படுத்தி மாதம் நூற்றுக்கு 6 வட்டியுடன் 200 ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிக்கொள்கிறார் ஒருவர். நீதிமன்றம் பத்திரத்தை ரத்துச் செய்து, வாங்கிய 100 ரூபாயையும் தனக்கு நியாயமென்று தோன்றும் வட்டியையும் மட்டும் திருப்பித் தரச் சொல்லலாம். நாட்டுச் சட்டம் வட்டியை நியாயப்படுத்திக் குறைக்கிறது. ஷரீஅத் அதை முழுவதும் விலக்குகிறது. ஆயினும் கொடுத்த முதல் கொடுத்தவரைச் சேர வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன.

பர்தாவில் வாழும் பெண்களிடம் வாங்கிய பத்திரங்களைப் பிரிவி கவுன்சில் காலம் முதலே நீதிமன்றங்கள் தனிக் கண்ணோடு பார்த்து வருகின்றன. அந்தப் பெண் ஒப்பமிட்டாள் என்று காட்டினால் மட்டும் போதாது. பத்திரத்தின் பொருளும் விளைவும் அவளுக்கு விளக்கப்பட்டு, அவள் புரிந்துகொண்டு ஒப்பமிட்டாள் என்று வாங்கியவர் காட்ட வேண்டும். பர்தா இல்லாத, எழுத்தறிவற்ற பெண்களுக்கும் இந்தப் பாதுகாப்பு நீட்டப்பட்டுள்ளது. சகோதரியின் பாகத்தை "ஒரு கையெழுத்துத்தானே, போடம்மா" என்று அடுப்பங்கரையிலேயே வாங்கிவிடும் அண்ணன் தம்பிகள் இதைச் செவிமடுக்க வேண்டும். சகோதரிக்கு அல்லாஹ் நிர்ணயித்த பங்கை வெட்கத்தாலும் உறவு முறிந்துவிடுமோ என்ற அச்சத்தாலும் அவள் விட்டுக்கொடுப்பது மனப் பொருத்தமாகுமா?

மைசூர் மாநிலத்து எழுத்தறிவற்ற பெண் ஒருத்தியிடம் கணவன் வாங்கிய தானப் பத்திரத்தைப் பற்றிய வழக்கில், 1968இல் உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்தியது. பத்திரத்தின் தன்மையையே மறைத்து ஒப்பம் வாங்கினால், அதாவது ஒரு வகைப் பத்திரமென்று சொல்லி வேறு வகைப் பத்திரத்தில் வாங்கினால், அது தொடக்கம் முதலே செல்லாது. தன்மை தெரிந்து, உள்ளே எழுதிய விவரத்தில் மட்டும் ஏமாற்றியிருந்தால், பாதிக்கப்பட்டவர் உரிய காலத்தில் வழக்குப் போட்டு ரத்துச் செய்துகொள்ள வேண்டும். ஒத்தி என்று சொல்லிக் கிரயம் எழுதி வாங்குவது எந்த வகையைச் சேரும் என்பதை நேயர்களே உணர்ந்துகொள்ளலாம்.

இவை தவிர, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்காக உழைப்பையே அடகு வைக்கும் எல்லா உடன்பாடுகளையும் செல்லாதவையாக்கியது. 2003ஆம் ஆண்டின் தமிழகச் சட்டம் கந்துவட்டி, மீட்டர் வட்டி, மணி வட்டி, தண்டல் முதலியவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்தது.

எல்லைகளும் உண்டு

இத்தனையும் கேட்ட பின், "அப்படியானால் எந்தப் பத்திரத்தையும் உதறிவிடலாம் போலிருக்கிறதே!" என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

வறுமை ஒன்றே காரணமாக ஒப்பந்தம் முறிவதில்லை. பணத் தட்டுப்பாடான காலத்தில் வங்கிக்காரர் அதிக வட்டி கேட்க, வேறு வழியின்றி ஒருவர் ஒப்புக்கொண்டால் அது ஆதிக்கச் செயலல்ல என்று அதே 16வது பிரிவு உதாரணம் காட்டுகிறது. நமது புகஹாக்களும் தேவையால் நெருக்கப்பட்டவனின் விற்பனையையும், பிறர் நிர்ப்பந்தித்து நடந்த விற்பனையையும் ஒன்றாகக் கருதவில்லை. ஆனால் தேவைப்பட்டவனின் நெருக்கடியைக் கண்டு விலையை அடித்துப் பறிப்பது வெறுக்கத்தக்கது என்று எச்சரித்தார்கள்.

படிக்கத் தெரிந்தவர் படியாமல் ஒப்பமிட்டுவிட்டு, பிறகு ஏமாந்தேன் என்றால் சட்டம் எளிதில் செவி சாய்க்காது. நிரப்பாத புரோநோட்டில் ஒப்பமிட்டுக் கொடுத்தால், நிரப்பிக்கொள்ளும் அதிகாரத்தையும் கொடுத்ததாகவே 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் முதலில் கொள்ளும். அதற்கு மாறானதை நிரூபிக்கும் சுமை ஒப்பமிட்டவருடையது. ஆகவே வெற்றுத் தாளில் ஒப்பமிடுவது தன் கழுத்தைத் தானே நீட்டுவதாகும்.

காலமும் காத்திருப்பதில்லை. ஒரு பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரும் வழக்குக்கு, அதற்கான உண்மை தெரிய வந்த நாளிலிருந்து 3 ஆண்டுகளே கெடு என்று 1963ஆம் ஆண்டின் கால வரையறைச் சட்டம் சொல்கிறது. மோசடி தெரிந்த பிறகும் "பார்க்கலாம், பேசித் தீர்க்கலாம்" என்று மழையைப் பார்ப்பது போல் வானத்தைப் பார்த்திருந்தவர்கள் நிலத்தை இழக்க நேரும். அச்சம் நீங்கிய பின்னும் அந்த ஒப்பந்தத்தின் பயனை அனுபவித்துக்கொண்டிருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

வாங்கியதைத் திருப்ப வேண்டும். பத்திரத்தை முறிப்பவர் அதனால் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 64வது பிரிவு சொல்கிறது. 50,000 ரூபாய் வாங்கியவர், பத்திரம் மோசடியானது என்று நிரூபித்தாலும் 50,000 ரூபாய் அவர் மேல் கடனாக நிற்கும். கடனோடு இறந்தவரின் ஜனாஸாவை முன்னிட்டு, கடனைத் தீர்க்க ஏதும் விட்டுச் சென்றாரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்ததை மறக்கலாகாது.

இறுதியாக, மனம் பொருந்தி எழுதிக் கொடுத்துவிட்டு, பருத்தி விலை ஏறிவிட்டதென்றோ, நிலத்துக்குப் பக்கத்தில் காற்றாலையும் சோலாரும் வந்து மதிப்பு உயர்ந்துவிட்டதென்றோ, "என்னை மிரட்டி வாங்கினார்கள்" என்று பொய்ச் சத்தியம் செய்வது பெரும் பாவம். உண்மையிலேயே நிர்ப்பந்திக்கப்பட்ட ஆயிரம் ஏழைகளின் வழியையும் அந்தப் பொய்யன் அடைத்துவிடுகிறான்.

தீர்ப்பு உமக்குச் சாதகமாகலாம், பிறகு?

பத்திரத்தை வைத்திருப்பவர்களிடம் இனிச் சில சொற்கள். நமது சமுதாயத்தில் வணிகர் பலர். கடைவீதியில் சரக்குக் கடனாகக் கொடுப்பவரும், பருத்தியும் பயறும் மொத்தமாக வாங்குபவரும், நிலம் வாங்கி விற்பவரும் நம்மில் இருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் உள்ள பத்திரங்களை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ஒப்பமிட்டவருக்கு அதில் எழுதியிருப்பது முழுவதும் தெரியுமா? வாயால் சொன்னதும் எழுதியதும் ஒன்றுதானா?

மதீனாவின் கடைவீதியில் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். மேலே காய்ந்திருந்தது; உள்ளே ஈரம். மழையில் நனைந்ததென்று வியாபாரி சொன்னார். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மேல் வரியில் கடன், உள் வரியில் கிரயம் என்று எழுதிய பத்திரமும் அந்த ஈரத் தானியம்தான்!

"பத்திரம் பக்காவாக இருக்கிறது, கோர்ட்டில் ஜெயிப்பேன்" என்று சிலர் நிம்மதி அடைகிறார்கள். அவர்களுக்காகவே உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. தாமும் ஒரு மனிதரே என்றும், வழக்காடுவோரில் வாதத் திறமை மிக்கவருக்குச் சாதகமாகத் தாம் தீர்ப்பளித்துவிடக் கூடும் என்றும், சகோதரனுடைய ஹக்கை அவ்வாறு பெற்றவர் நெருப்பின் ஒரு துண்டையே பெறுகிறார் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். நபியவர்களின் தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், முன்சீப்பின் தீர்ப்பு ஆக்கிவிடுமா? பிறர் பொருளை அநியாயமாக உண்ண அதிகாரிகளிடம் கொண்டு செல்வதை அல்பகராவின் 188வது வசனம் தடுக்கிறது. கஷ்டத்தில் உள்ள கடனாளிக்கு அவகாசம் கொடுப்பதையும், அவனுக்குத் தர்மமாக விட்டுவிடுவது மேலும் சிறந்தது என்பதையும் 280வது வசனம் கூறுகிறது.

நாம் செய்யக் கூடியவை

நபித் தோழர் ஹப்பான் இப்னு முன்கித் (ரலி) அவர்கள் வியாபாரத்தில் எளிதில் ஏமாறிவிடுபவராக இருந்தார். வியாபாரமே செய்யாதிருக்க அவரால் இயலவில்லை. "லா கிலாபத்த", அதாவது ஏமாற்று இல்லை என்று பேரத்தின்போதே சொல்லிவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக் கொடுத்தார்கள்; மூன்று நாள் யோசித்து முறிக்கும் உரிமையையும் அளித்தார்கள். பலவீனரைக் கடைவீதியிலிருந்து விரட்டவில்லை. அவர் கையில் ஒரு கேடயத்தைக் கொடுத்தார்கள். நமது மஹல்லாக்களும் அவ்வாறு செய்யலாம்.

கடன் பத்திரமோ கிரயமோ எழுதும்போது, இரு தரப்பையும் சேராத படித்த ஒருவர் அதைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கடன் வாங்குபவர் தம் வாயால் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். 282வது வசனத்தை நடைமுறைப்படுத்த இது எளிய வழி. வாயால் கொடுக்கும் வாக்குறுதியைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்ல வேண்டும். எழுத மறுப்பவர் நிறைவேற்றவும் மறுப்பார். வட்டமோ கோடோ விட்டு வைத்த இடங்களை நிரப்பாமல் ஒப்பமிடலாகாது. பணம் திருப்பும்போதெல்லாம் ரசீது வாங்க வேண்டும். சார்பதிவாளர் முன் நிற்கும் வேளையில், தாம் எழுதிக் கொடுத்ததை ஒருவர் மறுத்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுகிறது. அந்த வேளையில் வாய் திறக்க அஞ்ச வேண்டாம். ஏற்கனவே ஏமாந்தவர் தாமதமின்றி வக்கீலைப் பார்க்க வேண்டும். வசதியற்றோருக்கும் பெண்களுக்கும் 1987ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நீதிமன்ற வளாகங்களில் உள்ள சட்டப் பணிகள் குழுக்கள் இலவசமாக உதவுகின்றன.

விதைப்புக்கு முன் பணம் கொடுக்க விரும்பும் வியாபாரிகளுக்கு ஹலாலான வழியும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது, மக்கள் கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வந்தார்கள். அளவும் எடையும் தவணையும் தெளிவாகக் குறிப்பிட்டுச் செய்யும்படி ஒழுங்குபடுத்தினார்கள். "ஸலம்" எனப்படும் அந்த முறையில், விலை முழுவதையும் முன்னரே கொடுத்து, இன்ன தரத்து உளுந்து இத்தனை குவிண்டால், இன்ன மாதத்தில் என்று குறித்துக்கொள்ளலாம். வட்டியும் இல்லை, ஒளிவு மறைவும் இல்லை. விவசாயிக்கு விதைப் பணம்; வியாபாரிக்குச் சரக்கு.

சகோதரர்களே! கை இடும் ஒப்பத்தைச் சார்பதிவாளர் பார்க்கிறார், சாட்சிகள் பார்க்கிறார்கள். உள்ளத்தின் பொருத்தத்தை அல்லாஹ் ஒருவனே பார்க்கிறான். மனமில்லாமல் கை மட்டும் இட்ட பத்திரங்கள் நம் பெட்டிகளில் இருக்குமானால், கையும் காலும் சாட்சி சொல்லும் அந்த நாள் வருமுன் அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். மனமறிந்து இட்ட ஒப்பங்களை இறுதி வரை நிறைவேற்றுவோம்.

வல்ல நாயன் நம் கொடுக்கல் வாங்கலைத் தூய்மைப்படுத்துவானாக! கடன்பட்டோரின் கடனைத் தீர்த்து வைப்பானாக! பிறருடைய ஹக்கைச் சுமந்தவர்களாக நம்மைத் தன் சந்நிதானத்தில் நிறுத்தாமல் காத்தருள்வானாக! ஆமீன்.